'ஐ லவ் லூசி': 1951-இல் எடுத்த படம் இத்தனை தெளிவாக இருப்பது எப்படி? அந்த நால்வரும் பிறகு என்ன ஆனார்கள்?

பழையபெட்டி கேட்டது:

அதே காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பலவும் இன்று பார்க்கும்போது மங்கலாக, ஓரங்களில் வளைந்து தெரிகின்றன. 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் மட்டும் திரையரங்குப் படம்போலத் துல்லியமாக இருக்கிறது. என்ன வேறுபாடு? மூன்று கேமரா முறையை டெசி அர்னாஸ்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரிதானா? 1957-இல் தொடர் முடிந்த பிறகு லூசில் பால், அர்னாஸ், விவியன் வான்ஸ், வில்லியம் ஃப்ராலி ஆகியோரின் வாழ்க்கை எப்படிப் போனது? கதையில் லூசி–ரிக்கி தம்பதியின் மகன் குட்டி ரிக்கியாக வந்த பையன், பால்–அர்னாஸின் சொந்த மகன்தானா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நெகட்டிவ்35 பதில்:

தெளிவுக்குக் காரணம் 35 மி.மீ. பிலிம். அன்றைய வழக்கம், நியூயார்க்கில் நேரடியாக நடித்து ஒளிபரப்புவது. அந்த ஒளிபரப்பை மேற்குக் கரைக்குக் காட்ட, டிவி திரைக்கு எதிரே ஒரு பிலிம் கேமராவை வைத்து அப்படியே படம்பிடித்து அனுப்புவார்கள். இதற்குக் கினஸ்கோப் என்று பெயர். 525 கோடுகள் கொண்ட திரையைப் படமெடுத்தால் அந்தக் கோடுகளும் மங்கலும் திரையின் வளைவும் சேர்ந்துதான் பதியும். நீங்கள் பார்த்த மங்கல் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இந்தப் பிரதிகளாகத்தான் இருக்கும்.

லூசியாக நடித்த பாலும், அவள் கணவன் ரிக்கியாக நடித்த அர்னாஸும் நிஜத்திலும் தம்பதி. மேற்குக் கரையில் உள்ள ஹாலிவுட்டை விட்டு நகர அவர்கள் விரும்பவில்லை. ஸ்பான்சரான பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனமோ, மக்கள் அதிகம் வாழும் கிழக்குப் பகுதிக்குக் கினஸ்கோப் பிரதியைக் காட்டச் சம்மதிக்கவில்லை. எஞ்சிய ஒரே வழி பிலிம். அதில் செலவு கூடும். அதை ஈடுகட்டத் தம்பதி வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு எடுத்த படங்கள் முழுவதும் தங்கள் நிறுவனமான டெசிலுவுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். மறுஒளிபரப்புக்கு மதிப்பு உண்டு என்று அன்று பெரிதாக யாரும் நினைக்காததால், தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிட லாபமான சம்பளக் குறைப்பு இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

படமாக்கும் வேலையை ஏற்றவர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்', ஹாலிவுட்டில் 1931-இன் 'டிராகுலா' ஆகியவற்றுக்கு ஒளிப்பதிவு செய்தவர். ஏறத்தாழ 300 பார்வையாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, நாடகம்போலத் தொடர்ச்சியாக நடிப்பார்கள். மூன்று மிட்செல் பிஎன்சி கேமராக்கள் சக்கர டாலிகளில் நகரும். நடுக் கேமராவில் 40 மி.மீ. லென்ஸ், முழுக் காட்சிக்கு. இரு பக்கக் கேமராக்களில் 3, 4 அங்குல லென்ஸ்கள், முகங்களுக்கு. நடுக் கேமரா சற்று அதிகம் முன்னே போய்விட்டால் பக்கக் கேமராக்களின் படத்தில் அதுவே விழும். அதனால்தான் அதற்கு அகல லென்ஸ், பின்னால் நிற்கும் இரண்டுக்கும் நீள லென்ஸ்.

பெரிய சிக்கல் வெளிச்சம். சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றலாம். இங்கே மூன்று கோணங்களும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன, தரையில் விளக்கு வைத்தால் டாலிக்கு வழி இல்லை. எனவே பெரும்பாலான விளக்குகளை மேலே தொங்கவிட்டு, எங்கு நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி விழும்படி பரப்பினார் ஃப்ராய்ண்ட். கேமராவோடு பொருத்திய சிறு விளக்குகள் முகத்தில் விழும் நிழலைக் குறைத்தன. அரங்கச் சுவர்களும் பொருள்களும் சாம்பல் நிறச் சாயல்களில் இருந்தன. செய்தித்தாளின் வெள்ளைகூடக் கண்ணைப் பறிக்கும் என்று அதற்கும் சாம்பல் சாயம் ஏற்றினார்கள்.

35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 25 நிமிட நடிப்பை மூன்று கேமராவிலும் முழுக்கப் பதிந்தால் 6,750 அடி. 1,000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஆகவே காட்சிகளுக்கு இடையில் நிறுத்திச் சுருள் மாற்றியே ஆகவேண்டும். எடிட்டிங்குக்கு மூன்று படத் தலைகளும் ஓர் ஒலித் தலையும் கொண்ட மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரம் பயன்பட்டது. மூன்று கோணங்களையும் ஒலியோடு ஒருசேர ஓடவிட்டு, எதை எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்கலாம்.

சிரிப்பொலி பார்வையாளர்களின் தலைக்கு மேலே தொங்கிய மைக்குகளில் பதிந்தது. லூசி வம்பில் மாட்டப்போகும் நேரங்களில் ஒரு பெண் குரல் 'அ-ஓ' என்று பதறுவதைக் கவனித்திருப்பீர்கள். அது பாலின் தாயார் டீடீயின் குரல்.

மூவியோலா பதில்:

கண்டுபிடிப்பு பற்றிய கேள்விக்கு: இல்லை. தயாரிப்பாளர் ஜெர்ரி ஃபேர்பேங்க்ஸ் 1940களின் இறுதியிலேயே பல பிலிம் கேமராக்களை ஒருசேர ஓட்டியிருந்தார். 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' நிகழ்ச்சியைப் பல கேமராக்களில் பிலிமாக்கிய அல் சைமன்தான் டெசிலுவுக்கும் வந்து சேர்ந்தார். அர்னாஸின் பங்கு வேறு. நேரடிப் பார்வையாளர், 35 மி.மீ. தரம், வாராவாரம் ஒரு கதை ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் நடத்திக் காட்டியது அவர் கட்டிய அமைப்பு. அந்தப் பெருமை குறைந்ததல்ல, கண்டுபிடித்தவர் என்ற பட்டம் சேர்க்காமலே அவரைப் பாராட்டலாம்.

நால்வர்வீடு பதில்:

நடிகர்களைப் பற்றி எழுதுகிறேன்.

லூசில் பால்: 1957 மே மாதம் அரைமணித் தொடர் முடிந்தாலும் 1960 வரை 13 ஒருமணி நேரக் கதைகள் வந்தன. 1957-இன் இறுதியில் டெசிலு, ஆர்கேஓ திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகங்களை 60 லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. ஒப்பந்த நடிகையாக அவர் வேலை பார்த்த இடம் அது. 1940-இல் அர்னாஸைச் சந்தித்ததும் அங்கேதான். 1960-இல் மணமுறிவு. 1962-இல் அர்னாஸின் பங்குகளை வாங்கி நிறுவனத்தின் தலைவரானார். 1966-இல் 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' இரண்டும் டெசிலுவிலிருந்து வெளிவந்தன. 1967-இல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு 1.7 கோடி டாலருக்கு விற்றார். 'தி லூசி ஷோ' (1962–68), 'ஹியர்ஸ் லூசி' (1968–74) இரண்டும் வெற்றி. 1986-இன் 'லைஃப் வித் லூசி' தோல்வி: 13 கதைகள் எடுத்தார்கள், 8 மட்டுமே ஒளிபரப்பாயின. 75 வயதில் அவரை ஏணியேறி விழும் நகைச்சுவைக்குள் தள்ளியது பெரும் பிழை, பார்ப்பவர்கள் சிரிப்பதைவிட அவருக்காகப் பயந்தார்கள். 1989 ஏப்ரல் 26 அன்று, 77 வயதில் காலமானார்.

டெசி அர்னாஸ்: 1933 கியூபப் புரட்சிக்குப் பின் அகதியாக வந்த குடும்பம். பங்கை விற்றபின் குதிரை வளர்ப்பில் இறங்கினார். 'தி மதர்ஸ்-இன்-லா' (1967–69) அவர் தயாரித்தது. குடிப்பழக்கத்தோடு நெடுங்காலம் போராடினார். 1986 டிசம்பர் 2 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஐந்து நாள் கழித்துக் கென்னடி மையத்தில் பாலுக்கு விருது. அர்னாஸ் எழுதிவைத்திருந்த பாராட்டை நடிகர் ராபர்ட் ஸ்டாக் மேடையில் படித்தார். அந்தப் பதிவு கிடைத்தால் தவறாமல் பாருங்கள்.

விவியன் வான்ஸ்: தொடரில் ஃப்ரெட்டின் மனைவி எத்தலாக நடித்தவர். தன்னைவிட 22 வயது மூத்த ஃப்ராலிக்கு மனைவியாக நடிப்பது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இருவருக்கும் ஆகாது. ஃப்ரெட்–எத்தலுக்கெனத் தனித்தொடர் எடுக்கலாம் என்றபோது ஃப்ராலி தயாராக இருந்தார், வான்ஸ் மறுத்துவிட்டார். 1954-இல் துணை நடிகைக்கான எம்மி தொலைக்காட்சி விருது பெற்றார். தெருவில் எல்லோரும் 'எத்தல்' என்றே அழைத்ததில் சலித்துப்போய், 'தி லூசி ஷோ'வில் தன் பாத்திரத்துக்கு விவியன் என்றே பெயர் வைக்கச் சொன்னார். 1965-இல் விலகினார். 1979-இல் புற்றுநோயால் மறைந்தார்.

வில்லியம் ஃப்ராலி: ஃப்ரெட்டாக நடித்தவர். அந்த வேடத்துக்கு முதலில் நினைத்தது நடிகர் கேல் கோர்டனை, அவர் வேறு தொடரில் இருந்தார். குடியால் வேலை கெடக்கூடாது என்று எச்சரித்துத்தான் ஃப்ராலியைச் சேர்த்தார் அர்னாஸ். யாங்கீஸ் பேஸ்பால் அணி 'உலகத் தொடர்' இறுதிப் போட்டிகளுக்குப் போனால் விடுப்பு வேண்டும் என்று ஃப்ராலியும் பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். ஐந்து முறை எம்மிக்குப் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 'மை த்ரீ சன்ஸ்' தொடரில் தாத்தா வேடம், 1965-இல் உடல்நிலையால் விலகல். 1966 மார்ச் 3 அன்று ஹாலிவுட் பூல்வார்டில் நடந்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார்.

குட்டி ரிக்கி அவர்களுடைய மகன் அல்ல. குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1953 ஜனவரி 19 அன்று காலை பாலுக்கு அறுவைசிகிச்சையில் டெசி ஜூனியர் பிறந்தார், அன்றிரவே கதையில் ரிக்கி பிறந்தான். கைக்குழந்தை வேடத்துக்கு இரட்டையர்களைப் பயன்படுத்தினார்கள். 1956 முதல் டிரம் வாசித்த பையன் கீத் திபோடோ. பின்னாளில் 'டேவிட் அண்ட் த ஜயண்ட்ஸ்' என்ற கிறிஸ்தவ ராக் குழுவில் வாசித்தார், மிசிசிப்பியில் தம் மனைவி நிறுவிய பாலே குழுவிலும் பணியாற்றினார்.

பழையபெட்டி கேட்டது:

மிக்க நன்றி. இன்றும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறதே, ஒவ்வொரு முறையும் நடிகர்களுக்குப் பணம் வருமா?

நெகட்டிவ்35 பதில்:

படங்களின் உரிமையாளருக்கு வருவது வேறு, நடிகருக்கு வருவது வேறு. டெசிலு தன் உரிமையைத் தொடர் முடியும் காலத்திலேயே 40 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு சிபிஎஸ்ஸுக்கு விற்றுவிட்டது. ஆர்கேஓ வாங்குவதற்கு அந்தப் பணம் உதவியது. எனவே பிந்தைய மறுஒளிபரப்பு லாபம் தம்பதிக்குப் போகவில்லை. நடிகர் சங்க ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, அக்காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மறுஒளிபரப்புகளுக்குத்தான் கட்டணம். எத்தனை முறை ஓடினாலும் உண்டு என்ற விதி 1974-இல்தான் வந்தது, அதுவும் அதற்குப்பின் எடுத்தவற்றுக்கே.

மூவியோலா பதில்:

பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். பட்டுத் துணிமேல் இதயம் வரும் தொடக்கம் மறுஒளிபரப்புக்காகச் செய்தது. முதல் ஒளிபரப்பில் குச்சி மனிதர்களாக வரைந்த லூசியும் ரிக்கியும் சிகரெட் பெட்டியோடு வருவார்கள். டிவிடி தொகுப்புகளில் அதுவும் கூடுதலாக இருக்கிறது. மூன்று கேமராவின் வேலை புரிய, 1952 செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் கதையை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். சாக்லேட்டுகள் நகர்ந்துவரும் பட்டையின் வேகம் கூடும்போது எப்போது அகலக் கோணத்திலேயே விடுகிறார்கள், எப்போது முகத்துக்கு வெட்டுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.