முகம் பார்த்த லைனரும் கழற்றிய வால்வும்: பிஸ்டன் உராய்வு அனுபவங்கள்

நாமக்கல், லாரி இன்ஜின் பட்டறை:

இன்ஜின்களைப் பிரித்துச் சேர்ப்பது எனக்கு 26 ஆண்டுத் தொழில். பிஸ்டன் உராய்வைப் பற்றி நான் கற்றது என் தவறு ஒன்றிலிருந்து. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளைக் குழாயைத்தான் லைனர் என்போம். ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்த உரிமையாளர், "லைனருக்குள் முகம் தெரிய வேண்டும், அப்போதுதான் டீசல் மிச்சமாகும்" என்றார். அன்று எனக்கும் அதே நம்பிக்கை. ஹோனிங் (கல்லால் தேய்த்து நுண்கோடுகள் போடுவது) முடிந்த லைனர்களை எமரித் தாளால் தேய்த்து மினுக்கிக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. நீலப் புகை. ஆயில் குச்சியில் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் லைனரோடு பொருந்தி உட்காரவே இல்லை. லைனரின் மேல்முனையில், பிஸ்டன் நின்று திரும்பும் இடத்தில், நெடுக உரசல்.

பிஸ்டன் விரைந்து ஓடும்போது ரிங் ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. நின்று திரும்பும் கணத்தில் வேகம் இல்லாததால் படலமும் மெலிந்துவிடுகிறது. மேல்முனையிலோ எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதை லைனரோடு அழுத்துகிறது. அந்தக் கணத்தில் காப்பாற்றுவது ஹோனிங் கோடுகளில் தங்கிய ஆயில்தான். நான் அந்தக் கோடுகளையே அழித்திருந்தேன்.

செலவை நானே ஏற்றுப் புது லைனர் போட்டுக் கொடுத்தேன். இப்போது சொரசொரப்பான கல்லால் கோடுகள் ஒன்றையொன்று ஏறத்தாழ 45 டிகிரியில் வெட்டும்படி ஓட்டுகிறேன். பிறகு நைசான கல்லால் சில இழுப்பு மட்டும். மேடுகளின் முனை மழுங்க வேண்டும், பள்ளம் அப்படியே இருக்க வேண்டும். கடைசியில் சோப்பு கலந்த வெந்நீரும் பிரஷும் கொண்டு, வெள்ளைத் துணியில் கறை படாதவரை கழுவ வேண்டும். டீசலில் மட்டும் கழுவினால் கல்தூள் கோடுகளுக்குள்ளேயே நின்றுவிடும். பையன்களிடம் நான் கண்டிப்பாக நடந்துகொள்வது இந்த ஒரு வேலையில்தான்.

கோவை, பொறியியல் கல்லூரி ஆய்வகம்:

ஐயா சொன்ன 'நின்று திரும்பும் கணம்' எங்கள் ஆய்வக இன்ஜினில் நொடிக்கு 50 முறை வருகிறது. 87.5 மி.மீ. விட்டம், 110 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), நிமிடத்துக்கு 1500 சுற்று கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின் அது. வேகத்தை மாற்றாமல் சுமையைக் கூட்டி, ஒவ்வொரு சுமைக்கும் டீசல் செலவைக் குறித்துக் கோடு வரைவோம். செலவு பூஜ்யமாகும்வரை அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் உராய்வில் வீணாகும் திறன் கிடைக்கும். வில்லன்ஸ் கோடு என்பது இதுதான். பேரிங்குகளின் உராய்வும் காற்றை இழுத்துத் தள்ளும் உழைப்பும் அதில் சேர்ந்தே வரும். ஆனாலும் உராய்வில் ஏறத்தாழ பாதி பிஸ்டன், ரிங்குகளுடையது.

ஒருநாள் ஒரு குழுவினர் இன்ஜின் சூடாகிவிடுமோ என்ற பயத்தில் குளிர்நீர்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டார்கள். அடுத்த குழு நீரைக் குறைத்து, வெளிவரும் நீர் நன்றாகச் சூடான பிறகு அளந்தது. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தபோது, குளிர்ந்த இன்ஜினின் உராய்வு தெளிவாகக் கூடியிருந்தது. சுவர் குளிர்ந்தால் ஆயில் கெட்டியாகிறது. ரிங் அதை அறுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. மாணவர்கள் தாமாகவே அதைக் கண்டுகொண்ட அந்தப் பிற்பகல் எனக்கு மறக்காது.

சங்ககிரி, லாரி உரிமையாளர்:

இதைப் படித்ததும் என் வண்டி நினைவுக்கு வந்தது. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சூடாகிறது என்று இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றச் செய்தேன். சூடு நின்றது. ஆனால் மார்கழி இரவுகளில் ஓசூர்ப் பக்கம் ஓட்டும்போது சூடு காட்டும் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. மைலேஜ் இறங்கியது, வடித்த ஆயிலில் டீசல் வாடை. உண்மையில் ரேடியேட்டர்தான் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, புது வால்வு போட்டபின் எல்லாம் சரியானது. அடுத்த மாதம் இன்ஜினை முழுதும் பிரித்து ஓவர்ஹால் செய்கிறேன். அதன்பின் முதலில் எப்படி ஓட்ட வேண்டும், அண்ணா?

நாமக்கல், லாரி இன்ஜின் பட்டறை:

தம்பி, புது ரிங் போட்ட இன்ஜினை மணிக்கணக்கில் ஐட்லிங்கில் (நின்ற இடத்தில் பாரமில்லாமல்) ஓடவிட்டுவிடாதீர்கள். வாயு அழுத்தம் போதாமல் ரிங் உட்காராது. கோடுகளின்மேல் ஆயில் வார்னிஷ் போலப் படிந்துவிடும். இன்ஜின் சூடேறிய பிறகு மிதமான பாரத்தோடு, ஒரே வேகத்தில் இழுக்காமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரம் வடித்துவிடுங்கள். தேய்ந்த உலோகத் தூள் அதில்தான் மிதக்கும்.