வீட்டுக் கேமராவை 'மிராய்' என்று சொல்லும் நியூரல் நெட்வொர்க்: எங்கே கோளாறு?

ஈசூன்வாசி:
வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, 2018-இல் வெளிவந்த என்-பாஐஓடி தரவுத்தொகுப்பை (இணையத்தோடு இணைந்த சாதனங்களின் வலைப் போக்குவரத்துப் பதிவு) கொண்டு ஒரு நியூரல் நெட்வொர்க்கை (தரவைப் பார்த்துக் கற்கும் நிரல்) பயிற்றுவித்தேன். கேமரா போன்ற சாதனங்களைக் கைப்பற்றும் மிராய், பாஷ்லைட் என்ற தீநிரல்களின் தாக்குதல்களை வழக்கமான வலைப் போக்குவரத்திலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும். சோதனையில் துல்லியம் ஏறக்குறைய நூறு விழுக்காடு. எங்கள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கேமராவின் போக்குவரத்தைக் கொடுத்தாலோ, மாலை ஏழு மணிக்கு மேல் 'மிராய்' என்று விடாமல் எச்சரிக்கிறது. கேமராவை மீட்டமைத்துக் கடவுச்சொல்லையும் மாற்றியாயிற்று, டெல்நெட் (தொலைவிலிருந்து சாதனத்துக்குள் நுழையும் வழி) மூடியிருக்கிறது. நெட்வொர்க்கின் அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் பலனில்லை. உதவுங்கள்.

தேக்கா அண்ணன்:
தம்பி, அடுக்குகளை விடுங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தீர்கள்?

ஈசூன்வாசி:
எல்லா வரிசைகளையும் கலைத்துவிட்டுப் பிரித்தேன், அண்ணா.

தேக்கா அண்ணன்:
அப்படியானால் அந்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். அந்தத் தொகுப்பில் பாக்கெட் (வலையில் போகும் சிறு தரவுத் துண்டு) ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. அதிலுள்ள 115 எண்களும் 100 மில்லிவினாடி முதல் ஒரு நிமிடம் வரையான ஐந்து கால அளவுகளில் எடுத்த கணக்குகள். அதனால் அடுத்தடுத்த வரிசைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கலைத்துவிட்டால் பயிற்சியில் பார்த்ததன் பக்கத்து வரிசையே சோதனையிலும் வரும். வினாத்தாள் முன்கூட்டியே கைக்கு வந்த மாதிரி. ஒன்பது சாதனங்களில் ஒன்றை முழுவதுமாக ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். மதிப்பெண் விழுந்தால் விழட்டும்.

வலைக்காவல்:
ஏழு மணி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் பொழுது சாயும் நேரம் அது. கேமரா இரவுப் பார்வைக்கு மாறினால் படம் கறுப்பு வெள்ளையாகிப் புள்ளிப் புள்ளியாய்த் தெரியும். பாக்கெட்டின் அளவும் இடைவெளியும் கூடவே மாறலாம். உங்கள் நெட்வொர்க் இந்தக் கேமராவின் இரவைப் பார்த்ததே இல்லை. பழக்கமில்லாத எதையும் தெரிந்த பெயர்களில் ஒன்றில் அடக்கியே தீரும். அந்தத் தொகுப்பில் தாக்குதல் வரிசைகள்தான் மிக அதிகம் என்பதையும் மறக்காதீர்கள்.

தொகுப்பை உருவாக்கிய ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். சாதனத்துக்கு ஒரு ஆட்டோஎன்கோடர், அதாவது கொடுத்ததைச் சுருக்கி மறுபடி அப்படியே உருவாக்கக் கற்கும் நெட்வொர்க். அதற்குக் கற்றுக்கொடுத்தது வழக்கமான போக்குவரத்தை மட்டுமே. மீட்டுருவாக்கப் பிழை (கொடுத்ததற்கும் அது திரும்ப உருவாக்கியதற்கும் உள்ள வேறுபாடு) வரம்பைத் தாண்டினால் சந்தேகம். அதையும் ஒரே பாக்கெட்டை வைத்து முடிவுசெய்யாமல், தொடர்ந்து வரும் பலவற்றின் பெரும்பான்மையைப் பார்த்தார்கள். உங்கள் கேமராவின் பகல், இரவு, கைப்பேசியில் நேரலை பார்க்கும் வேளை, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாவற்றையும் பதிவுசெய்து பயிற்சியில் சேருங்கள்.

தேக்கா அண்ணன்:
ஒன்று கண்டிப்பாக: உண்மையான மிராய் நிரலை வீட்டு வைஃபையில் ஓட விடாதீர்கள். டெல்நெட் திறந்திருக்கும் சாதனங்களை அது தானே தேடிப் போகும். ஆசிரியரின் அனுமதியோடு, வெளித்தொடர்பே இல்லாத ஆய்வுக்கூட வலையமைப்பில் மட்டும் செய்யுங்கள்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. ஒரு சாதனத்தை ஒதுக்கியதும் மதிப்பெண் நன்றாகவே விழுந்தது. இரவுத் தரவோடு ஆட்டோஎன்கோடர் போட்ட பிறகு ஏழு மணி எச்சரிக்கை நின்றுவிட்டது. இப்போது கேமரா மறுதொடக்கம் ஆகும்போது மட்டும் வருகிறது. அதையும் அடக்கிவிடலாமா?

வலைக்காவல்:
வேண்டாம். மிராய் நினைவகத்தில் மட்டுமே தங்குவது. மறுதொடக்கத்தில் அழிந்தாலும், பழைய கடவுச்சொல்லே இருந்தால் மறுபடி தொற்றிக்கொள்ளும். மறுதொடக்கத்துக்குப் பிந்தைய நிமிடங்களில் கேமரா எந்த முகவரிகளோடு பேசுகிறது என்று தனியாகப் பதிவுசெய்து, இங்கே போடுங்கள். பார்க்கலாம்.