கோடாலி கூர்மை நிற்கவில்லை: புதுசு வாங்குவதா, தீட்டிப் பார்ப்பதா?

ரம்புத்தான் வீடு:
வணக்கம். சிங்கப்பூரில் இயோ சூ காங் பக்கம் தரைவீடு. சாய்ந்துபோன ரம்புத்தான் மரத்தை ஆள் வைத்து அறுத்தாயிற்று. துண்டுகளைப் பிளக்க வேண்டும், வேர்க்கட்டையும் பாக்கி. அப்பாவின் பழைய கோடாலியைக் கடையில் கொடுத்துச் சாணை பிடித்து வாங்கினேன். நாலு போடு போட்டதுமே மழுங்கிவிடுகிறது. விளிம்பில் நீலமாக ஒரு கோடு தெரிகிறது. புதுசு வாங்கிவிடலாமா?

பழைய ஃபிட்டர்:
வாங்காதீர்கள் தம்பி. அந்த நீலம்தான் விஷயம். மின்சாரக் கல்லில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், எஃகு சூடேறிப் பதம், அதாவது அதன் கடினம், போய்விட்டது. 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால்தான் அந்த நிறம் வரும். ஆனால் கெட்டது விளிம்பு மட்டும்தான். நீலம் போகும்வரை அரத்தால் ராவி எடுங்கள், உள்ளே நல்ல எஃகு இருக்கும். அரம் லேசாகக் கடித்தால் பதம் சரி. சுலபமாக அள்ளிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும்.

ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் ஒற்றை வெட்டு அரம் (பல்வரிகள் ஒரே திசையில் இருப்பது) கேளுங்கள், 10 அங்குலம். கோடாலியை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கி, கையுறை போட்டுக்கொண்டு, தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் பல் போய்விடும். இரு பக்கமும் சேர்த்து 30 டிகிரி கோணம் இருக்கட்டும். சவர பிளேடு போல மெலிதாக்கினால் ரம்புத்தான் கணுவில் பட்டதும் சில்லு பெயர்ந்துவிடும். அப்புறம் தீட்டுக்கல், முதலில் சொரசொரப்பான பக்கம், பிறகு மழமழப்பான பக்கம். விளிம்பில் நிற்கும் மெல்லிய பிசிறு விரலில் தட்டாமல் போகும்வரை தேய்க்க வேண்டும். ஷிப்யார்டில் எங்கள் ஃபோர்மேன் பிசிறோடு எந்த வேலையையும் வாங்கிக்கொள்ள மாட்டார். அது சரியான பழக்கம்.

வேர்க்கட்டைக்கு இந்தக் கோடாலியைத் தொடவே தொடாதீர்கள். மண்ணும் கல்லும் பட்டால் தீட்டியது அத்தனையும் வீண்.

மாடித்தோட்டக்காரி:
அண்ணன் சொன்னதோடு காம்பையும் பாருங்கள். அடிமுனையில் தெரியும் மர ரேகைகள் வெட்டுவாய் போகும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அந்தக் காம்பு முறியும். என்னிடம் இருப்பது ஸ்வீடன் நாட்டுத் தலை. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017இல் மூடப்படும் முன் அங்கே வாங்கியது. காம்பு மட்டும் புதிதாகப் போட்டேன். நம் ஊர் ஈரத்துக்கு, துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துரு ஏறிவிடும்.

ரம்புத்தான் வீடு:
நன்றி அண்ணே, அக்கா. ரேகை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தலை லேசாக ஆடுகிறது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போடலாமா?

பழைய ஃபிட்டர்:
வேண்டாம் தம்பி. ஊறினால் இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். பழைய ஆப்பை நோண்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த கடின மரத்தில் புது ஆப்பு செதுக்கி அடியுங்கள். அது இறுகும்வரை கோடாலியை ஓங்கவே வேண்டாம்.