புதுப்பிப்பு: கோபி வீட்டுக் கம்பளம் கை வேலைதான்

போன மாதம் படம் போட்டுக் கேட்டிருந்தேனே, கோபிசெட்டிபாளையம் பக்கம் பழைய வீட்டைப் பிரித்தபோது வாங்கிய சிவப்புக் கம்பளம் கை வேலையா, மெஷினா என்று? கை வேலைதாங்க. வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி திருப்பிப் போட்டு, வாசல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்துப் பூ பின்பக்கமும் அப்படியே தெரிகிறது, முடிச்சுகள் ஒரே அளவில் இல்லை, குஞ்சமும் தனியாகத் தைத்ததல்ல, நீளவாக்கில் ஓடும் பாவு நூலே நீண்டு வந்து நிற்கிறது. முடிச்சு ஒரு பாவு நூலை முழுதாகச் சுற்றி அடுத்ததன் அடியில் நுழைகிறது, அதாவது பாரசீக முடிச்சு. துருக்கி முடிச்சென்றால் இரண்டையும் சுற்றியிருக்கும். ஆனால் பாரசீக முடிச்சை இந்தியாவிலும் போடுவார்கள், அதனால் இதை வைத்து மட்டும் ஈரான் என்று சொல்லிவிட முடியாது.

நீலத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறுவதைப் பார்த்து வெளுத்துவிட்டதென்று வருத்தப்பட்டேன். அது வெவ்வேறு தடவை சாயம் முக்கிய நூலாம், அப்ராஷ் என்கிறார்கள். இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.

பவானியில் தறி ஓட்டிய பெரியப்பா தடவிப் பார்த்து, "நம்ம ஜமக்காளத்துல குறுக்கே போற ஊடை நூல் பாவு நூலை மூடிரும் கண்ணு, இதுல ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு" என்றார். அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது. அப்புறம், விலை கேட்டவர்களுக்கு: விற்கப் போவதில்லை.