தண்டையார்பேட்டை நம்பர், ஹாம்பர்க் தபால்பெட்டி

தண்டையார்பேட்டை – ஹாம்பர்க்

ஊருக்கு வந்தால் தெருவில் முதல் கேள்வி சம்பளம். அடுத்தது, "அங்க எல்லாமே ஆட்டோமேட்டிக்காமே?" ஜெர்மனி என்றாலே பட்டனைத் தட்டினால் காரியம் நடக்கும் என்று ஒரு நினைப்பு. காசிமேட்டில் மீன்கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டையைச் சாத்தி வைத்திருக்கிறார்கள், காசு விழுந்ததும் பெட்டி சத்தம் போட்டுச் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஹாம்பர்க் திரும்பினால் எங்கள் தெருமுனை ரொட்டிக் கடையில் ரொக்கம் மட்டும்தான் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சில்லறை இல்லையென்றால் ரொட்டி இல்லை.

எது முன்னேறிய நாடு என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. இரண்டு நாட்டிலும் மனுஷனை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்பதுதான் வேறுபடுகிறது. ஜெர்மனியில் தபால்பெட்டி, நம் ஊரில் போன் நம்பர். இரண்டு பக்கமும் ஒரு கால் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டுமே உயிரோடு இருந்தாக வேண்டும்.

தபால்பெட்டிக் கதை முதலில். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் அங்குள்ள அலுவலகத்தில் போய் முகவரியைப் பதிய வேண்டும். சட்டமே அப்படித்தான். அந்தத் தாள் கையில் இல்லாமல் பல காரியங்கள் நகராது. வரி எண் தபாலில்தான் வரும். என் வங்கிக் கணக்குக்குக் கார்டு ஒரு கடிதத்தில் வந்தது, பின் நம்பர் இன்னொரு நாள் வேறு உறையில் வந்தது, செயலியைத் தொடங்குவதற்கான குறியீடு அதற்கும் அப்புறம். ஒரே உறையில் போட்டால் எடுத்தவனுக்கு எல்லாமே கிடைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. நியாயம்தான், ஆனால் பொறுமை வேண்டும். நம் ஊரில் தந்தியை 2013 ஜூலையிலேயே மூட்டை கட்டிவிட்டோம். ஜெர்மனியில் 2022 டிசம்பர் 31 வரை தந்தி அடிக்க முடிந்தது. நைனாவிடம் சொன்னேன், நான் கிண்டல் பண்ணுகிறேன் என்றுதான் நினைத்தார்.

அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நமக்கு இனிஷியல்தானே, குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆக அழைப்பு மணியிலும் தபால்பெட்டியிலும் நைனா பெயர்தான். பக்கத்து வீட்டுக் கிழவரிலிருந்து வங்கி மேலாளர் வரை எல்லோரும் என்னை நைனா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். போட்டோ அனுப்பினேன். "இன்னாடா, ஜெர்மனியில நமக்கு வூடு கீது போல" என்று தெருவில் ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறார்.

இப்போது நம் ஊர்ப் பக்கம். என் தண்டையார்பேட்டை நம்பர் ஒரு பழைய போனில், ஹாம்பர்க் வீட்டு ஜன்னல் ஓரம், எப்போதும் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருக்கும். வங்கி, ஆதார், வருமான வரி, கரண்ட் பில், கேஸ், ரேஷன் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் சிம்மை வெட்டிவிடுவார்கள், அதோடு நானும் இந்தியாவில் இல்லாத ஆள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குக் காசு எடுக்காததால் பிழைத்தேன். அம்மா ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை வாங்கிய மறுநிமிடம் என்னென்ன எத்தனை கிலோ என்று எனக்கு இங்கே செய்தி வந்து நிற்கும். பாமாயில் போடவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும், வீட்டில் இருக்கிற நைனாவுக்குத் தெரியாது.

கேஸ் சிலிண்டர்தான் பாடாய்ப் படுத்தியது. கொண்டுவருகிற ஆளிடம் குறியீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும் என்ற முறை 2020 நவம்பரில் வந்தது. இணைப்பு என் நம்பரில் இருந்தது. குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை எட்டரைக்குச் சிலிண்டர் வந்தால் எனக்கு விடியற்காலை நாலு மணி.

"நம்பர் சொல்லுடா, ஆள் நிக்கிறான்."

"எந்த நம்பர்மா?"

"அதான்டா, வந்திருக்குமே. அவன் கெளம்புறேன்றான், சீக்கிரம்."

இருட்டில் ஜன்னலுக்குப் போய், பழைய போனின் விரிசல் விழுந்த திரையில் அந்த நாலு எண்ணைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மா அதை அந்தத் தம்பிக்குச் சத்தமாகச் சொல்ல, சிலிண்டர் வாசலில் டங்கென்று இறங்குகிற சத்தம் ஹாம்பர்க் வரை கேட்கும். சரி, இணைப்பை அம்மா நம்பருக்கு மாற்றிவிடலாம் என்று போனால், மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி. அதையும் படுக்கையிலிருந்து எழுந்துதான் சொன்னேன்.

யுபிஐ விஷயம் இன்னும் வேடிக்கை. வெளிநாட்டு நம்பரை வைத்தே, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் யுபிஐ போடலாம் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது பத்து நாடுகளின் பட்டியல் வெளியிட்டார்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங், அப்புறம் வளைகுடாவில் நாலு. ஜெர்மனி இல்லை. அதனால் ஊரில் இறங்கினால் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வாங்கக்கூட அந்தப் பழைய சிம்மைத்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மனி பக்கம். எம்சி ரோட்டில் ஒரு துண்டு வாங்கினால்கூட பில் போடுகிறவர் "நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார். நாமும் ஒப்பிக்கிறோம். வங்கிக் கணக்கின் சாவியே அந்த நம்பர்தான் என்றால் அதை ஜவுளிக்கடையில் எதற்குச் சொல்ல வேண்டும்? அங்கே ஆள் பெயரைக் கேட்கவே தயங்குவார்கள். 2010-ல் கூகுள் தெருப்படம் எடுக்க வந்தபோது தங்கள் வீட்டைத் தெரியாமல் மங்கலாக்கச் சொல்லி ஏராளமானோர் எழுதிக் கொடுத்த நாடு அது. அப்போது கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஊரை விட்டு வெளிநாட்டில் இருக்கிற மற்றவர்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

எர்ணாவூர் – துபாய்

அந்தப் பட்டியலில் நாங்கள் இருக்கிறோம் அண்ணே, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். துபாய் நம்பரிலேயே யுபிஐ ஓடுகிறது. ஆனால் இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், கால் போகாது. அதற்குப் போட்டிம் என்று வேறு செயலி. எங்க அம்மா வாட்ஸ்அப்பில் பச்சை பட்டனைக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆச்சு. இப்போது நீல பட்டன் எனக்கு, பச்சை பட்டன் திருவொற்றியூர் சித்திக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார். கால் எடுக்காவிட்டால் "நீலத்துல கூப்புட்டேனே" என்று சண்டை.

வியாசர்பாடி – தோஹா (இப்போது ஊரோடு வந்துவிட்டேன்)

எல்லாம் சரி, 2023 டிசம்பரை யாரும் சொல்லவில்லையே. மிக்ஜாம் புயல். நான் அப்போது தோஹாவில். டிசம்பர் 4-ஆம் தேதி மதியம் தம்பி கடைசியாகப் பேசினான். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, மேல் வீட்டுக்கு ஏறிவிட்டோம், சார்ஜ் இல்லை என்றான். அப்புறம் ஒன்றும் இல்லை. எத்தனை செயலி இருந்தாலும் கடைசியில் டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் டவரில் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் போக வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் எவன் போவான்?

எதிர்வீட்டுத் தாத்தா பழைய லேண்ட்லைனை விடாமல் வைத்திருந்தார். எதற்கு வாடகை கட்டுகிறார் என்று தெருவே சிரிக்கும். அந்தப் பழைய செம்புக் கம்பியில் பேசுவதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும், வீட்டில் கரண்ட் இருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு நம்பர் மனப்பாடம், சின்ன வயதில் யார் கூப்பிட்டாலும் அங்கேதான் வந்து பேசுவோம். மணி அடித்தது. தாத்தாவே எடுத்தார். "உங்க ஆளுங்க மாடில கீறாங்க, பால் இல்ல, மத்தபடி நல்லா கீறாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஐஎஸ்டி காசு ஏறுமே என்று உடனே வைத்துவிட்டார்.

அந்த வாரம் க்யூஆர் அட்டை எல்லாம் சுவரில் ஒட்டிய படம்தான். நெட் இல்லை, ஏடிஎம் இல்லை. தம்பி கணக்கில் பணம் இருந்தது, நான் தோஹாவிலிருந்து இன்னும் போட்டேன், ஒரு ரூபாய் பிரயோஜனம் இல்லை. மளிகைக்கடை பாய் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசியும் மெழுகுவத்தியும் கொடுத்தார். ரொக்கம் மட்டும் என்கிற உங்கள் ரொட்டிக் கடைக்காரனை ரொம்பத் திட்டாதீர்கள்.

பெரம்பூர் – மியூனிக்

எங்க அப்பா ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டி கட்டுகிற ஆள் என்பதால் வீடியோ காலில் என் முகத்தைவிட ரயிலைக் காட்டச் சொல்லித்தான் கேட்பார். எல்எச்பி ரக ரயில்பெட்டியே ஜெர்மன்காரன் கொடுத்ததுதானே, அவன் ஊரில் எப்படி ஓடும் என்று ஆசை. ஒருநாள் நடைமேடையில் நின்று காட்டிக்கொண்டே இருந்தேன், ரயில் வரவே இல்லை. பலகையில் தாமதம் பத்து, இருபது, முப்பத்தைந்து என்று ஏறியது. அப்பாவுக்கு முகத்தில் என்ன சந்தோஷம் தெரியுமா! அங்கே தொலைதூர ரயில்களில் 2024-ல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல் வந்த கணக்கு அது. அதைப் பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் எழுத வந்தது வேறு. போன வருஷம் அப்பாவுக்கு ஒரு கால். உங்கள் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, மும்பை போலீஸ் பேசுகிறோம், வீடியோவை அணைக்காமல் அறைக்குள்ளேயே உட்காருங்கள் என்று மிரட்டல். டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்களே, அதுதான். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்பது எப்படித்தான் தெரிகிறதோ. (மேலே ஒருவர் சொன்ன ஜவுளிக்கடை பில்லை நினைத்துக்கொண்டேன்.) இந்தியில் பேசினால் பெரியவர் பயந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறான். அப்பா ரயில்வேயில் வடக்கத்தி ஆட்களோடு முப்பது வருஷம் மாரடித்தவர். சுத்தமான இந்தியில், எந்த ஸ்டேஷன், மேலதிகாரி யார், பெல்ட் நம்பர் என்ன என்று இவர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். அவனே வைத்துவிட்டான்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. போலீஸ் யாரையும் வீடியோ காலில் கைது பண்ண முடியாது, அப்படி ஒரு சட்டமே இல்லை என்று வீட்டில் ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு.

ராயபுரம் – சிங்கப்பூர்

எல்லோரும் ஆண்பிள்ளைகளாகவே எழுதுகிறீர்கள். ரேஷன் செய்தி ஹாம்பர்க்கில் வந்து விழுகிறது என்று ரசித்து எழுதியிருக்கிறார் அண்ணன். அந்த வரிசையில் நிற்பது யார்? எங்க அம்மா கருவாடு காயவைத்து, உப்பு அள்ளி அள்ளி விரல் ரேகையே தேய்ந்துபோனவர். மெஷினில் கட்டைவிரல் வைத்தால் ஏற்காது. துடைத்துவிட்டு வை, அடுத்த விரல் வை, எண்ணெய் தொட்டு வை என்பார்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சிங்கப்பூரில் நான் முகத்தைக் காட்டியே அரசாங்க வேலை எல்லாம் முடிக்கிறேன். 2023 பிப்ரவரி முதல் சிங்கப்பூரின் பணப்பரிமாற்ற வசதியான பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்துவிட்டதால் பணமும் நொடியில் போகிறது. எனக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பணம் போகிறது, அதை எடுத்துக் கொடுக்க அண்ணி வர வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்றுதான் இருந்தது. எங்க அம்மாவுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை, ரேகைக்கு மட்டும் ஆகிவிட்டது.

தண்டையார்பேட்டை – ஹாம்பர்க்

ராயபுரம் சகோதரி சொன்னது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு மெசேஜ் வருதுன்னு தெரிஞ்சா கடைக்காரன்கிட்ட சண்டை போட்டு பாமாயில் வாங்கியிருப்பேனே" என்றார். இந்த மாதம் முதல் கடையில் நிற்கும்போதே எனக்குக் கூப்பிடப் போகிறாராம்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேஸ் நம்பர் மாற்றுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஏஜென்சிக்கு நேரில் போவது நல்லது. ஆதாரும் கேஸ் புத்தகமும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். பழைய நம்பருக்கு ஓடிபி வந்தால் சொல்வதற்கு நீங்கள் விழித்திருக்கிற நேரமாகப் பார்த்து, சென்னையில் மதியத்துக்கு மேல் போகச் சொல்லுங்கள். வங்கியில் கொடுத்திருக்கிற போன் நம்பரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.