ஸ்டார்க்கர் ஏன் ப்ளூமிங்டனில் போய் உட்கார்ந்தார்?

செவிச்செல்வன்:
செலோ (வயலின் குடும்பத்துப் பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் யானோஷ் ஸ்டார்க்கர் வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் செலோ தொகுப்புகளை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் வரலாற்றில் ஒன்று இடிக்கிறது. புடாபெஸ்ட்டில் பிறந்தவர், போருக்குப் பின் அங்கிருந்து கிளம்பி டல்லாஸ், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா, சிகாகோ சிம்பொனி என்று வாத்தியக் குழுக்களில் முதல் செலோக்காரராக, அதாவது செலோ வரிசையின் தலைவராக, இருந்திருக்கிறார். 1958-ல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போனவர் 2013-ல் இறக்கும்வரை அந்தப் பல்கலைக்கழக ஊரான ப்ளூமிங்டனிலேயே இருந்துவிட்டார். மேடையில் கொடிகட்டிப் பறக்க வேண்டியவருக்கு வாத்தியார் வேலை எதற்கு?

அடித்தந்தி:
தலைகீழாகப் பார்க்கிறீர்கள். நானும் ஒரு வாத்தியக் குழுவில் செலோ வாசித்துப் பிழைக்கிறவன். முதல் நாற்காலி என்றால் பெயர் பெரிது. ஆனால் வாரம் முழுக்க ஒத்திகையும் கச்சேரியும். தனியாக வெளியூரில் வாசிக்க விடுப்புக்குக் கெஞ்ச வேண்டும். பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்குச் சம்பளமும் ஆச்சு, ஊர் சுற்றி வாசிக்கவும் ஆச்சு. மெர்க்குரி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர் பாக் பதிவு செய்தது 1960-களில். 1998-ல் கிராமி கிடைத்ததும் பாக் பதிவுக்குத்தான். எல்லாம் வாத்தியாரான பிறகு!

சொல்லிக்கொடுப்பதும் அவருக்குப் புதிதில்லை, எட்டு வயதிலேயே ஆரம்பித்துவிட்டார். கற்பிக்காமல் வாசிக்கவோ, வாசிக்காமல் கற்பிக்கவோ தன்னால் முடியாது என்றே சொல்லியிருக்கிறார். ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயின் தனிச் செலோ சொனாட்டாவில் இது தெரியும். அதற்கு மிகத் தாழ்ந்த ஒலி தரும் இரண்டு தந்திகளையும் அரை ஸ்வரம் இறக்கிக்கொள்ள வேண்டும். தந்தி தொய்ந்துவிடும், வழக்கம்போல் வில்லை அழுத்தினால் கரகரக்கும். அந்தத் தந்திகளில் தாளில் எழுதியிருப்பது ஒன்று, காதில் விழுவது இன்னொன்று. ஸ்டார்க்கர் அதை வாசிக்கும் காணொளியில் முகத்தைப் பாருங்கள், ஒரு சுளிப்பு கிடையாது. தோள் எங்கே தளர வேண்டும், முழங்கை எப்போது கிளம்ப வேண்டும் என்று மாணவனுக்கு வாய்விட்டுச் சொல்லியாக வேண்டிய ஆளுக்குத்தான் அந்த நிதானம் வரும் என்பது என் கட்சி. (உணர்ச்சியே இல்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துவராது.)

மழைக்காலம்:
சரி, ஆனால் அவர் பெயரோடு உள்ளே போனவர். இன்று அமெரிக்காவில் செலோ ஆசிரியர் வேலைக்குப் பல இடங்களில் முனைவர் பட்டம் கேட்கிறார்கள். நிறைய பேர் மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஸ்டார்க்கர் கதையைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

அடித்தந்தி:
அது உண்மை, மறுக்கவில்லை. அவருடைய காலத்தில் இந்தியானாவில் இசைப்பள்ளித் தலைவர் (டீன்) வில்ஃப்ரெட் பெயின் பெரிய கலைஞர்களாகத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

செவிச்செல்வன்:
புரிகிறது. கோடாய் சொனாட்டா எந்தப் பதிவில் கேட்கலாம்?

அடித்தந்தி:
1950-களின் தொடக்கத்தில் பீரியட் நிறுவனம் வெளியிட்டது. ஒலிப்பதிவு செய்தவர் பீட்டர் பார்ட்டோக், இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கின் மகன். பழைய மோனோதான், ஆனால் வில் தந்தியைக் கவ்வுகிற சத்தம்கூடக் கேட்கும். மூன்றாம் பகுதியை முதலில் போடாதீர்கள், வரிசையாகவே கேளுங்கள்.