ஓய்வு நேரம் நிறைவாக இருந்தால் பி.டி. மாஸ்டருக்குப் பரிவு கூடுமா?

விசில்காரன்:
உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். காலையில் மைதானம், பகலில் வகுப்பு, சாயங்காலம் மறுபடி மைதானம். ஓய்வு நேரத்தில் நிறைவு காண்பவனுக்குப் பிறர்மேல் பரிவும் கூடும் என்று வகுப்பில் பேச்சு வந்தது. எனக்குச் சரியாகவே படுகிறது. மூச்சு விட நேரமில்லாதவன் பிள்ளைகள்மேல் எரிந்துதான் விழுவான். வாரத்தில் ஒரு மாலையாவது எங்களுக்கு விட வேண்டும்.

கடைசிப்பெஞ்சு:
விடட்டும். ஆனால் பரிவைக் காரணம் காட்டாதீர்கள். ஓய்வு நிறைவை அளக்க பியர்ட், ரகீப் என்ற ஆய்வாளர்கள் 1980-இல் போட்ட அளவுகோல், பரிவை அளக்க டேவிஸ் என்ற உளவியலாளரின் 28 கேள்விகள், இரண்டிலும் நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்கிறோம். சந்தோஷமாக இருப்பவன் இரண்டிலும் தாராளமாகத்தான் போடுவான். இதனால் அது வந்தது என்று எப்படிச் சொல்வது?

சுண்ணாம்புக்கோடு:
இன்னொன்று. டேவிஸின் நான்கு பகுதிகளில் ஒன்று, அடுத்தவர் தவிப்பைப் பார்த்து நாமே பதறுவது. அது ஏறினால் யாருக்கு லாபம்? பிள்ளைக்கு முட்டி சிராய்ந்தால் மாஸ்டர் அல்லவா முதலில் உட்கார்ந்துவிடுவார்.

விசில்காரன்:
சிரித்துவிட்டேன். ஆனாலும் ரகீப் அளவுகோலின் ஆறு பகுதிகளில் மனிதர்களோடு பழகுவதும் ஒன்று. நாலு பேரோடு பழகினால் மனசு விரியாதா?

கடைசிப்பெஞ்சு:
அந்த நாலு பேர் யார்? நம் ஆட்களுக்கு ஓய்வு என்றாலும் ஆட்டம்தான், கூட ஆடுபவனும் நம்மைப் போலவே அணி பிரிக்கும்போது முதலில் கூப்பிடப்பட்டவன். கற்பித்தல் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பையன், உயரம் தாண்டும் வரிசையில் தன் முறை வரும்போதெல்லாம் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவான், பின்னால் இருப்பவனை முன்னே விட்டுவிடுவான். சோம்பேறி என்றே நினைத்தேன். அப்புறம் 23 வயதில் நீச்சல் கற்கப் போனேன். பக்கத்தில் பொடிசுகள் தொப்தொப்பென்று குதிக்க, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடைத்த நீச்சல் கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் அந்த லேஸ் புரிந்தது. நிறைவாவது ஒன்றாவது, அவமானம்தான்.

விசில்காரன்:
அதற்கும் ஒரு மாலை வேண்டியிருந்ததே!

கடைசிப்பெஞ்சு:
சரி, அது உங்கள் பாயிண்ட். 'நிறைவு' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

விசில்காரன்:
மாட்டேன். கம்பியை விட்டு முதல்முதலாக மிதந்த அன்று எப்படி இருந்தது, அதைச் சொல்லுங்கள் முதலில்.